வக்கீல் நம்மைக் கேட்காமல் செய்துவிட்டால்: முதலில் வழக்கு, அப்புறம் வக்கீல்

வக்காலத்து என்பது நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற காகிதம். குமாஸ்தா நீட்டுவார், "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்பார், போட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். நான் பார்த்த அச்சடித்த படிவங்களில் சின்ன எழுத்தில் ஒரு நீளமான வாக்கியம் இருக்கும். வழக்கை நடத்தவும், மனுக்கள் போடவும், பணம் கட்டவும் வாங்கவும், வழக்கை வாபஸ் பெறவும், சமரசம் செய்துகொள்ளவும் இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன் என்று போகும் அந்த வாக்கியம். கடைசி இரண்டு விஷயமும் நம் சொத்தையே தொடுகிறவை. ஆனால் அவையும் நகல் மனு போடுகிற அதே வரிசையில், அதே எழுத்தில்தான் நிற்கும்.

சில மாதம் முன்னால் தெரிந்தவர் ஒருவர் கேட்டார். பாகப்பிரிவினை வழக்கு. "எங்களைக் கேட்காமலே எங்க வக்கீல் எதிர்ப்பார்ட்டியோட சேர்ந்து ஜாயின்ட் மெமோ போட்டு கேஸை முடிச்சிட்டார். பார் கவுன்சில்ல புகார் எழுதிட்டேன். அடுத்த வாரம் குடுக்கப்போறேன். சரிதானே?" அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்புகள். சுருக்கமான பதில் இது: புகார் கொடுக்கலாம், ஆனால் முதல் வேலை அது இல்லை. வக்கீலுக்குத் தண்டனை கிடைத்தாலும், கேட்காமல் வாங்கிய தீர்ப்பு அப்படியே நிற்கும். அதை உடைக்கிற கதவு வேறு, அந்தக் கதவுக்கு நாள் கணக்கும் வேறு.

நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளைப் படிக்கிற வாசகன், அவ்வளவுதான். இங்கே எழுதுவது இந்தியாவின் சிவில் வழக்குகளைப் பற்றி. உங்கள் வழக்கின் விவரத்தைப் பார்க்க ஒரு வக்கீல் வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவது நல்லது.

எது அவர் முடிவு, எது நம் முடிவு

எல்லாவற்றுக்கும் வக்கீல் நம்மைக் கேட்க வேண்டும் என்று இல்லை. எந்த சாட்சியை முதலில் ஏற்றுவது, குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பது, எந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடுவது, ஒரு வாய்தா கேட்பதா வேண்டாமா என்பதெல்லாம் தொழில் சார்ந்த முடிவுகள். அதற்குத்தான் அவரை வைத்திருக்கிறோம். "என்னைக் கேட்காம அந்த சாட்சியை விட்டுட்டார்" என்று கோபம் வரலாம். ஆனால் அதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது.

உரிமையையே விட்டுக்கொடுப்பது வேறு கதை. வழக்கை வாபஸ் வாங்குவது, எதிர்த்தரப்போடு சமரசம், "இந்தத் தேதிக்குள் வீட்டைக் காலி செய்து தருகிறோம்" என்று நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுப்பது, எதிர்த்தரப்பின் உரிமையை ஒத்துக்கொள்வது ஆகியவை கட்சிக்காரரின் முடிவுகள். வழக்கை எப்படி நடத்துவது என்பது வக்கீல் கையில், வழக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்பது நம் கையில்.

இந்தக் கோட்டை நன்றாகக் காட்டுகிற தீர்ப்பு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே அது குற்ற வழக்கு, அரசியல் சாசன உரிமை சார்ந்தது. நம் நீதிமன்றங்களைக் கட்டாது, ஆனால் கோடு ஒன்றுதான். லூசியானா மாநிலத்தில் மெக்காய் என்பவர் மேல் மூன்று கொலைக் குற்றச்சாட்டு. "நான் செய்யவில்லை" என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மரண தண்டனையிலிருந்து தப்ப வைக்க ஒரே வழி ஒத்துக்கொள்வதுதான் என்று நினைத்த வக்கீல், அவர் எதிர்க்க எதிர்க்க, "கொன்றது என் கட்சிக்காரர்தான்" என்று ஜூரியிடம் சொன்னார். மரண தண்டனையும் வந்தது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. வக்கீலின் யோசனை புத்திசாலித்தனமானதா என்ற கேள்விக்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்வதா என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் முடிவு, அதை வக்கீல் எடுத்ததே தவறு என்றது. நல்லெண்ணம் சம்மதத்துக்கு ஈடாகாது.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் போச்சா?

நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் நேர்கோட்டில் வரவில்லை. வளைந்து வளைந்து வந்திருக்கிறது. அந்த வளைவைத் தெரிந்துகொண்டால்தான் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று புரியும்.

1930-ல் பிரிவி கவுன்சில் சொன்னது இது: வழக்கை நடத்தும் வக்கீலுக்கு அதைச் சமரசமாக முடிக்கும் அதிகாரமும் உள்ளடங்கியே இருக்கிறது, அது கட்சிக்காரரின் நன்மைக்காகவே இருக்கிறது. ஆனால் கட்சிக்காரர் அந்த அதிகாரத்துக்கு எல்லை போடலாம். அந்த எல்லை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால், அதை மீறி வக்கீல் கொடுத்த சம்மதம் செல்லாது.

பிறகு சிவில் நடைமுறைச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டது. திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது. கட்டளை 23 விதி 3-ல் புதிதாகச் சில சொற்கள் சேர்ந்தன: சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நீதிமன்றத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லி முடிப்பதைத் தடுக்கத்தான் இது. குர்பிரீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே பிடித்தது. நீதிபதி முன்னாலேயே பேசி முடித்தாலும் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்றது.

சரி, "தரப்பினர் கையெழுத்து" என்றால் கட்சிக்காரரேதான் போட வேண்டுமா? 1991-ல் பைராம் பெஸ்தன்ஜி காரிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அதிகாரம் பெற்ற வக்கீலின் கையெழுத்தும் தரப்பினர் கையெழுத்துதான். ஆனாலும் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் கட்சிக்காரரின் எழுத்துபூர்வ சம்மதத்தை வாங்கிக்கொள்வதே விவேகம் என்றும் சொல்லி வைத்தது. இன்று "உங்க வக்கீல்தானே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்று எதிர்த்தரப்பு வாதாடினால், அந்த வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2015-ல் வந்தது ஹிமாலயன் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்க வழக்கு. டெல்லியில் ஒரு வீட்டு வசதிச் சங்கம். பணம் கட்டாத உறுப்பினர்களைச் சங்கம் நீக்கியது, அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். விசாரணையின்போது அவர்களுக்காகக் கூடுதல் வீடுகள் கட்டும் யோசனைக்குச் சங்கத்தின் வக்கீல் ஒத்துக்கொண்டார், அதன்படி உத்தரவும் வந்துவிட்டது. சங்கமோ அப்படி ஒரு அதிகாரமே அவருக்குக் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அந்த ஒப்புதல் சங்கத்தைக் கட்டாது என்றது. வக்கீல் ஒரு முகவர் போலத்தான் என்றாலும், கட்சிக்காரரின் அடிப்படை உரிமையை நேரடியாக விட்டுக்கொடுக்கும் வாக்குமூலத்தைத் தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் தரும் அதிகாரம் பொதுவாக அவருக்குக் கிடையாது. இதுதான் இன்று நம் பக்கம் நிற்கிற பலமான தீர்ப்பு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் போய்விடாது. அதே நேரம், "நான் சொல்லலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ப்பு கரைந்துவிடவும் செய்யாது. அறிவுறுத்தல் இல்லை என்பதைக் காட்ட வேண்டும், சரியான இடத்தில் காட்ட வேண்டும், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

முதலில் என்ன நடந்தது என்று பாருங்க

கோபத்தில் ஓடுவதற்கு முன்னால் காகிதம் கையில் வர வேண்டும். "கேஸ் முடிஞ்சிருச்சாம்" என்று காதில் விழுந்தது போதாது. எப்படி முடிந்தது? சமரசமா, வாபஸா, ஆஜராகாததால் தள்ளுபடியா, எக்ஸ்பார்ட்டியா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன பதிவானது என்று தெரியும். எண் தெரியாவிட்டால் தரப்பினர் பெயரை வைத்தும் தேடலாம். அதன்பிறகு நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு இவற்றின் சான்றிட்ட நகல் வாங்குங்க: தீர்ப்பு அல்லது உத்தரவு, சமரச மனு அல்லது மெமோ, நீங்கள் கொடுத்த வக்காலத்து. கட்சிக்காரர் தன் வழக்கின் நகலைத் தானே கேட்கலாம், வக்கீல் மூலமாகத்தான் கேட்க வேண்டும் என்று இல்லை.

அந்த நகலில் பார்க்க வேண்டியவை: மெமோவில் உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் அது உங்களுடையதா? இல்லாவிட்டால் வக்கீல் மட்டும் போட்டிருக்கிறாரா? வக்காலத்தில் சமரசம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? அன்றைக்கு நீங்கள் நீதிமன்றத்தில் இருந்ததாகப் பதிவு இருக்கிறதா?

கூடவே வக்கீலுக்கு ஒரு கடிதம். திட்டாமல் எழுதுங்க. "இன்ன தேதியில் இன்ன மெமோ தாக்கல் ஆகியிருக்கிறது. இதற்கு நான் சம்மதம் தரவில்லை. எந்த அறிவுறுத்தலின்படி செய்தீர்கள் என்று தெரிவிக்கவும்." ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்க. நீங்கள் தெரிந்துகொண்ட உடனே மறுத்தீர்கள் என்பதற்கு அதுவே பிற்பாடு சாட்சி. சில சமயம் இந்தக் கடிதத்துக்கு வரும் பதிலில் விஷயமே வேறாக இருக்கும். கூட்டுக் குடும்ப வழக்கில் அண்ணன் போனில் "சரி, முடிச்சிடுங்க சார்" என்று சொல்லியிருப்பார், தங்கைக்குத் தெரிந்திருக்காது. அப்போதும் தங்கைக்குக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கட்சிக்காரரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர வேறு யார் சொன்னதையும் கேட்டு வக்கீல் நடக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதி. ஆனால் சண்டை யாரோடு என்பது மாறிவிடும்.

எந்தக் கதவு?

*சமரசத் தீர்ப்பாணை ஆகிவிட்டது.* இங்கேதான் அதிகம் பேர் தடம் மாறுகிறார்கள். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணை மேல் அப்பீல் கிடையாது, சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 96(3) அதைத் தடுக்கிறது. "அந்தச் சமரசம் செல்லாது" என்று புது வழக்கும் போட முடியாது, கட்டளை 23 விதி 3ஏ அதைத் தடுக்கிறது. அப்போ எங்கே போவது? அந்தச் சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்துக்கு. சமரசம் உண்மையில் நடந்ததா இல்லையா என்று தகராறு வந்தால், அதை முடிவு செய்ய வேண்டியது அந்த நீதிமன்றமே.

இதற்கு நல்ல உதாரணம் பன்வாரி லால் வழக்கு. தன் வக்கீல் எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டு, நடக்காத சமரசத்தை நடந்ததாக மனு போட்டுவிட்டார் என்பது வாதியின் குற்றச்சாட்டு. அவர் அதே விசாரணை நீதிமன்றத்தில் மனு போட்டார். நீதிமன்றம் முந்தைய உத்தரவைத் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1992-ல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றம் செய்ததே சரி என்றது. இதற்கு மறுபக்கம் 2006-ன் புஷ்பா தேவி பகத் வழக்கு. அங்கே வக்கீலின் வாக்குமூலத்தின் பேரில் முடிந்த தீர்ப்பாணையை எதிர்த்து அப்பீல் வழியாக உள்ளே வரப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வழி இல்லை என்று மூடிவிட்டது.

*வக்கீல் வாயால் ஒத்துக்கொண்டதாக உத்தரவில் எழுதியிருக்கிறது.* நீதிபதி உத்தரவில் பதிவு செய்ததை மேல் நீதிமன்றத்தில் போய் "அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுக்க முடியாது. 1982-ல் ராம்தாஸ் ஸ்ரீநிவாஸ் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி, நீதிபதிக்கு நினைவு பசுமையாக இருக்கும்போதே அவர் முன்னாலேயே போய்த் திருத்தக் கேட்க வேண்டும் என்பது. மறு ஆய்வு மனு என்றால் 30 நாள். வக்கீல் ஒத்துக்கொண்டது சட்டக் கேள்வியில் என்றால் அது கட்சிக்காரரைக் கட்டாது. உண்மை விவரத்தில் என்றால், தெளிவாகச் சொல்லியிருந்தால் பொதுவாகக் கட்டும்.

*வக்கீல் "நோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்" சொல்லி விலகிவிட்டார், அல்லது ஆஜரே ஆகவில்லை.* போதிய காரணமும் முன் அறிவிப்பும் இல்லாமல் வழக்கை விட்டு விலகக் கூடாது என்பதும் நடத்தை விதி. மல்கியத் சிங் வழக்கில், கட்சிக்காரருக்குத் தெரியாமல் வக்கீல் இப்படிச் சொல்லி விலகியதும் வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எக்ஸ்பார்ட்டியை நீக்கக் கேட்கவும், ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மீட்கக் கேட்கவும் காலக்கெடு 30 நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு, நாள் கணக்குக்கு விளக்கத்தோடு.

*மக்கள் நீதிமன்றத்தில் முடித்துவிட்டார்கள்.* மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் பல இப்படி முடிகின்றன. அந்தத் தீர்வு இறுதியானது, அப்பீல் இல்லை. குறைந்த காரணங்களின் பேரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதுதான் வழி என்று 2008-ல் ஜலூர் சிங் வழக்கு சொல்கிறது.

*வக்கீலையே நாம் வைக்கவில்லை.* நம்ப முடியவில்லைதானே? இதுவும் நடந்திருக்கிறது. ஒருவர் பெயரில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் மனு போயிருந்தது. அவரோ "நான் எந்த வக்கீலையும் அமர்த்தவில்லை, மனுவே போடவில்லை" என்றார். 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இதை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. கையெழுத்தே போலி என்றால் அது சம்மதப் பிரச்சினை இல்லை, குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 336 போலி ஆவணம் தயாரிப்பதையும், 318 ஏமாற்றுவதையும் பற்றியது. அப்போதும் நீதிமன்றத்தில் மனு போடாமல் போலீஸுக்கு மட்டும் போனால் தீர்ப்பாணை நிறைவேற்றப்பட்டுக்கொண்டே இருக்கும்.

வாய்ச்சொல்லால் வக்கீல் மாறமாட்டார்

"இனிமே நீங்க வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் அவர் உங்கள் வக்கீல் இல்லை என்று ஆகிவிடாது. கட்டளை 3 விதி 4-ன்படி, நீதிமன்ற அனுமதியோடு எழுத்து மூலம் முடித்து, அது கோப்பில் சேரும் வரைக்கும் அந்த வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். நீங்கள் கோபித்துக்கொண்டு வந்த மறுநாள் அவர் எதையாவது எழுதிக் கொடுத்தாலும், பதிவேட்டின்படி அது உங்கள் தரப்பு எழுதிக் கொடுத்ததுதான்.

புது வக்கீல் வரும்போது பழைய வக்கீலின் சம்மதம் கேட்பது வழக்கம். நீதிமன்ற வட்டாரத்தில் "நோ அப்ஜெக்‌ஷன்" என்பார்கள். அவர் தர மறுத்தால்? காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியோடு புது வக்கீல் ஆஜராகலாம், நடத்தை விதியே அதற்கு இடம் தருகிறது. "ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டைத் தரமாட்டேன்" என்றால், 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்தலாம்: ஃபீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க அவருக்கு வேறு வழி உண்டு.

ஒரு வக்கீலுக்கு எதிராக அதே ஊரில் இன்னொரு வக்கீல் கிடைப்பது கஷ்டம் என்பது பலர் சொல்கிற குறை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டுப் பாருங்க. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அப்புறம் வக்கீல்

வழக்குக்கான மனு போன பிறகு இந்தப் பக்கம் திரும்பலாம்.

பார் கவுன்சில்: 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35. வக்கீல் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநில பார் கவுன்சிலில் புகார் தர வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரிக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. முகாந்திரம் இருந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். உத்தரவு திருப்தி இல்லை என்றால் 60 நாளில் இந்திய பார் கவுன்சில், அங்கிருந்து 60 நாளில் உச்ச நீதிமன்றம். ஆனால் இந்தக் குழு உங்கள் தீர்ப்பாணையை ரத்து செய்யாது. வெறும் சந்தேகத்தை வைத்துத் தண்டிக்கவும் செய்யாது. இங்கேயும் முதலில் வாங்கிய சான்றிட்ட நகல்கள்தான் பேசும்.

பணம்: நஷ்டத்துக்கு ஈடு வேண்டும் என்றால் சிவில் வழக்கு. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று கேட்பவர்களுக்கு, 2024 மே 14 அன்று அந்தக் கதவு மூடிவிட்டது. 2007-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றிருந்தது. டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வராது என்றது. எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது அதற்குச் சொன்ன காரணம். வக்கீல் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறார், கட்சிக்காரரின் வெளிப்படையான அறிவுறுத்தல் இல்லாமல் நீதிமன்றத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவோ உறுதிமொழி தரவோ அவருக்கு உரிமை இல்லை, ஆகவே இது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது அந்த வாதம். கதவைச் சாத்திய அதே தீர்ப்பு, சாவியை நம் கையில்தான் வைத்திருக்கிறது. சம்மதம் இல்லாமல் செய்தது தவறு என்று வேறு எந்த நீதிமன்றத்தில் வாதாடினாலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம்.

சும்மா இருந்தால் சம்மதம்

படித்ததில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒன்று. கட்சிக்காரர் தோற்ற வழக்குகளில் பலவற்றில் பிரச்சினை வக்கீல் செய்தது மட்டும் இல்லை, தெரிந்த பிறகு கட்சிக்காரர் சும்மா இருந்தது. சமரசப்படி ஒரு தவணைப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து "சம்மதம் இல்லை" என்றால் யார் நம்புவார்கள்? ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றிய பகுதியும் இதைத்தான் சொல்கிறது. அதிகாரம் இல்லாமல் முகவர் செய்ததைப் பிறகு ஏற்றுக்கொண்டால், முதலிலேயே அதிகாரம் கொடுத்ததாக ஆகிவிடும். ஏற்றுக்கொள்வது வாய்வார்த்தையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நடத்தையே போதும். ஆகவே அந்தச் சமரசத்தால் வரும் பணத்தைத் தொடாதீங்க, சாவியைக் கொடுக்காதீங்க, அதன் பேரில் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க.

ஆளைப் பொறுத்தும் பார்வை மாறும். 1981-ல் ரஃபீக் வழக்கில், வக்கீலை நம்பி ஊரில் இருந்த கட்சிக்காரர் வக்கீலின் தவறுக்காகக் கஷ்டப்படக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1993-ல் சலீல் தத்தா வழக்கில், கல்கத்தாவிலேயே அலுவலகம் வைத்திருக்கிற கம்பெனி அதே வாதத்தைச் சொன்னபோது ஏற்கவில்லை. படித்தவர், பக்கத்திலேயே இருப்பவர், இ-கோர்ட்ஸ் செயலி கையில் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்வது நாளுக்கு நாள் கடினமாகிறது.

இனிமேல் வக்காலத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 1930-லேயே சொன்னதுதான்: எல்லை போடலாம், அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். வக்காலத்து நீதிமன்றக் கோப்பில் சேருகிற காகிதம். அதிலேயே "என் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றிச் சமரசமோ வாபஸோ கூடாது" என்று ஒரு வரி கையால் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போடலாம். அந்த எல்லை பிறகு வாய்ப்பேச்சாக நிற்காது, கோப்பிலேயே இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு நகல் போய்விட்டால் இன்னும் உறுதி. உங்கள் வக்கீல் இதற்கு முகம் சுளித்தால், ஏன் என்று அப்போதே அங்கேயே கேட்டுவிடுங்க.